பத்து நிமிடம் ஓடும் வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "வண்டி கிளம்புதா?" என்று கேட்டாய். "கிளம்புது" என்றேன். கிளம்பிப் பத்தாவது நிமிடம் நின்றுவிடுகிறது என்பதை அன்று நான் சொல்லவில்லை. "அப்போ சனிக்கிழமை வர்றவருக்கே குடுத்துடு" என்றாய். விற்க வேண்டாம் என்பதையும் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அது கிளம்பவே இல்லை. நீ வீட்டை விட்டு வெளியூர் போனதிலிருந்து இரண்டு வருடமாக ஒரே இடத்தில் நின்ற மோட்டார் சைக்கிள். தெருமுனை மெக்கானிக் நெட்டையண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் அடைச்சிருக்கும்மா, கழட்டணும்" என்றார். நானே கழற்றுகிறேன் என்றதும், "இது நீ படிக்கிற கதைப்புத்தகம் இல்ல, பிரிச்சுப் பாத்துட்டு மூடி வைக்க" என்று சிரித்தார். ஆனாலும் தன் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுத்தான் போனார்.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருந்தது. உள்ளே ஜெட் என்று ஒரு குட்டிப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் பெட்ரோல் போக ஓட்டை இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெட்ரோலில் ஊறவைத்து, ஊதி, மறுபடி ஊறவைத்து, மூன்றாவது தடவை பிடித்தபோது ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது. இவ்வளவு பெரிய வண்டி இத்தனூண்டு ஓட்டையை நம்பியா ஓடுகிறது?

டேங்கைக் காலி செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். பிடித்துக்கொண்டது. நூலகம் தாண்டியதும் விக்கி நின்றது. கால் மணி நேரம் நிழலில் போட்டால் கிளம்பும். பிறகு மறுபடி அதே கதை. "கார்புரேட்டரையே மாத்திடு, தலைவலி தீரும்" என்றார் நெட்டையண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த முறை நின்றதும் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் கோளாறு அதற்கும் மேலே. குழாயில் அடைப்பில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிட்டது!

மூடியில் காற்றுக்கென்று ஒரு துளை உண்டு. மேலே காற்று புகுந்தால்தான் கீழே பெட்ரோல் இறங்கும். அந்தத் துளையை யாரோ மெழுகால் அடைத்திருந்தார்கள். குண்டூசியால் நோண்டினேன். மெழுகோடு ஒரு துண்டு கருநீல நூலும் வந்தது.

நம் வீட்டில் நூலுக்கு மெழுகு தடவிப் பொத்தான் தைக்கிறவர் ஒருவர்தான். "தையல் கடை வேணாம்னா உன் வண்டிச் சத்தமும் இந்த வாசல்ல வேணாம்" என்று உன்னிடம் சொன்னவரும் அவர்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "மழைத்தண்ணி உள்ள எறங்கும்ல? அவன் வரும்போது துருப்பிடிச்சுக் கெடந்தா என்னைத்தானே சொல்லுவான்" என்றார் அப்பா.

"அதனாலதான்ப்பா நின்னு நின்னு போகுது" என்றேன்.

மெஷின் நின்றது. "நல்லதுக்குன்னுதான் அடைச்சேன்" என்றார். சனிக்கிழமை வாங்க ஆள் வருகிறார் என்றேன். மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். நான் படியிறங்கும்போது, "மெழுகு விஷயத்தை அவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார்.

சொல்லிவிட்டேன். வண்டி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஆனால் ஒரு நாள் கடை நம்பருக்குக் கூப்பிடு. வேறெதுவும் பேச வேண்டாம். அங்கே மழையா என்று மட்டும் கேள். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் தங்கை

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. வாங்குகிறவர் பத்து மணிக்கு வந்தார். வாசலில் வண்டி இல்லை. அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.