போகிக்கு வந்த பாய்கள்

மார்கழி 26. காலை 7.10

குவியல் ஒன்று: 58 டிகிரி. குவியல் இரண்டு: 61. குவியல் மூன்று: 44, ஈரம் அதிகம், வாடை. காய்ந்த சரக்கு போதவில்லை. கிளறும் இயந்திரம் ஓடுகிறது. அடியில் வடிந்த கசிவுநீரை எல்லாக் குவியல்களின் மேலும் தெளித்தேன்.

இதைப் படிப்பவர் எனக்கடுத்து இங்கே பணிக்கு வருபவராக இருப்பார். உங்களுக்காகச் சில வரிகள். என் பெயர் ஜெனிட்டா. செவ்வாயில், ஆறாம் குகைக் குடியிருப்பின் உரக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சுரங்கப்பாதையின் அந்த முனையில் குடியிருப்பு. இந்த முனையில் நான். இங்குள்ள வாயுவும் பூஞ்சைத் தூளும் அங்கே போகக் கூடாது. அதனால் பணிக்காலம் முடியும்வரை ஆள் திரும்புவதில்லை. குப்பை தண்டவாளத்தில் வண்டியாக வரும். அதே வண்டியில் எரு போகும். பேச்சு வயர்லெஸ்ஸில்.

இங்கே எதையும் வெளியே எறிய முடியாது. வெளியே என்று ஒன்று இல்லை. முந்நூறு பேர் தின்றது, உரித்தது, கழித்தது எல்லாம் என்னிடம் வந்து மண்ணாகி, அவர்கள் தட்டுக்கே போகிறது. பயிற்சியில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

போகி. காலை 9.30

இங்கே தீ மூட்டுவது குற்றம். காற்றை அளந்துதான் செலவழிக்கிறோம். அதனால் போகிக்குக் கொளுத்துவதில்லை. பழையதையெல்லாம் வண்டியில் ஏற்றி, பிள்ளைகள் மேளம் அடித்து, உரக் கூடத்துக்கு வழியனுப்புகிறார்கள்.

பயிர்க்கூடத்துப் பொறுப்பாளர் முத்துப்பேச்சி அக்கா வயர்லெஸ்ஸில் வந்தார்.

“ஏட்டி ஜெனிட்டா, வண்டி வந்துட்டா? அம்புட்டுப் பயலும் இந்த வருசம் வீட்டையே பேத்து அனுப்பியிருக்கான்.”

“மக்கறது மக்காததுன்னு பிரிச்சாங்களாக்கா?”

“எவம் பிரிச்சான்? நீ பிரி. ஆனா வண்டியத் திருப்பி மட்டும் விட்ராதே. ரிட்டன் வில்சன் கதி ஒனக்கு வேண்டாம்.”

வில்சன் எனக்கு முன்னால் இங்கே இருந்தவர். போன போகிக்கு வந்த வண்டியில் பாதியைத் திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் அழுதார்களாம். பணி முடிந்து போனபிறகு உணவுக்கூடத்தில் அவர் மேசையில் யாரும் உட்காருவதில்லை. இங்கே வருவதற்கு முன் நானும் உட்கார்ந்ததில்லை.

காலை 11.00

பிரித்தேன். கிழிந்த சட்டைகள், உடைந்த பிளாஸ்டிக், காகிதப் பூக்கள். அடியில் பாய்கள். கட்டுக்கட்டாக.

இதைக் கவனமாகப் படியுங்கள். காற்றுக் கூடத்தில் மூச்சுக்காகப் புல் வளர்க்கிறோம். அதில் வேறு செடி முளைக்காமலிருக்கக் களைக்கொல்லி அடிப்பார்கள். புல்லை அது ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லை அறுத்துக் காயவைத்துத்தான் இங்கே பாய் முடைகிறார்கள். பார்க்க மக்கும் குப்பை. விதிப்படி மக்காத குப்பை. குவியலின் சூட்டில் அந்த மருந்து சாகாது. துளி எருவில் இருந்தாலும் பயறும் தக்காளியும் தாங்காது. வில்சன் திருப்பி அனுப்பியதும் பாய்களைத்தான்.

ஒரு பாயில் சீட்டு கட்டியிருந்தது. பிள்ளை எழுத்து. “பாயே போய்ட்டு வா.”

மூன்றாம் குவியல் நாறுகிறது. அதற்குக் காய்ந்த சரக்கு வேண்டும். எதிரே காய்ந்த சரக்கு.

மதியம் 2.15

பாய்களை அரவை இயந்திரத்தில் விட்டு மூன்றாம் குவியலில் கலந்தேன். நீண்ட காலம், நல்ல சூடு, சிதைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி எங்கும் படித்ததில்லை.

தை 11. காலை 7.00

குவியல் மூன்று: 64 டிகிரி. வாடை போய்விட்டது. அழகான குவியல்.

நிர்வாகி தணிகைவேல் கூப்பிட்டார். “ஜெனிட்டா, பசங்கல்லாம் உன் பேரச் சொல்லிக்கிட்டுத் திரியுதுங்க. வண்டிய அப்படியே வாங்கிக்கிட்டியாமே. நல்ல பேரு எடுத்துட்ட போ.”

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பங்குனி 8. காலை 8.20

எரு தயார். கருப்பு, உதிரி, மழை வாசனை. இங்கே பிறந்தவர்களுக்கு மழை வாசனை என்றால் என் எருதான்.

அனுப்புமுன் முளைப்புச் சோதனை. தொட்டியில் எரு, அதில் பயறு. இலை விரிந்தால் தேறியது. விதைத்தேன்.

பங்குனி 19. காலை 8.00

முளைத்தது. இரண்டாம் இலை விரியவில்லை. ஓரம் உள்ளே மடங்கி, கிண்ணம்போல.

விளக்கு மங்கலாக இருக்கலாம். தொட்டியை இடம் மாற்றினேன்.

பங்குனி 22. காலை 8.00

கிண்ணம்.

காலை 8.40

சோதனைக்குப் பயறுதான் போட வேண்டும் என்று விதியில் இல்லை. ‘விதை’ என்று மட்டும் இருக்கிறது. கேழ்வரகு போட்டேன்.

கேழ்வரகும் புல் இனம்தான். அதை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பங்குனி 28. காலை 7.45

கேழ்வரகு பச்சைப்பசேல். பயற்றுத் தொட்டியைக் குவியலில் கவிழ்த்தேன். எருவோடு போகும் சீட்டில் எழுதினேன்: சோதனை தேறியது.

சித்திரை முதல் நாள் பயறு விதைப்பு. வீட்டுக்கொருவர் வந்து தங்கள் கையால் விதை போடுவார்கள். பருப்பு, சுண்டல், பிள்ளைகளின் கஞ்சி எல்லாம் அந்தப் பாத்திகளிலிருந்துதான். எரு வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

வண்டியை அனுப்பினேன்.

சித்திரை 17. மாலை 5.00

“ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கேன். பயத்து இலையெல்லாம் கைய மடக்கினாப்ல நிக்கு. எறும்பு இல்ல, பூச்சி இல்ல. இப்பிடி நான் பாத்ததே இல்ல. என்னவா இருக்கும்?”

பேச்சியக்காவின் குரலில் சந்தேகம் இல்லை. படித்த பெண்ணிடம் யோசனை கேட்கிற குரல்.

தண்ணீர் கூடிப்போயிருக்குமோ என்றேன்.

“இருக்கும் இருக்கும். எனக்குத்தான் கை தாராளம். கொறச்சுப் பாக்கேன்.”

சித்திரை 24. காலை 10.10

தணிகைவேல்: “மொத்தப் பாத்தியும் போச்சு. அந்த அம்மாவே ஒத்துக்கிச்சு, தண்ணி ஜாஸ்தி விட்டேன்னு. எதுக்கும் உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். எரு சரிதானே?”

நான் சொன்னது: “சோதனை தேறிடுச்சு சார்.”

“அதான பாத்தேன். சீட்டு இங்கதான் இருக்கு. சரி, மீதி விதை இருக்கு. இன்னொரு தரம் போட்டுப் பாக்கட்டும். இதுவும் போச்சுன்னா அந்த அம்மாவை அங்கேர்ந்து தூக்கிட வேண்டியதுதான். காற்றுக் குழாய் துடைக்கப் போகட்டும்.”

பூமியிலிருந்து அடுத்த சரக்குக் கலம் வர ஏறக்குறைய ஒரு வருடம். மீதி விதை என்றால் கடைசி விதை. அதையும் இழந்தால் கேழ்வரகுக் கூழ்தான், அளந்து. கைக்குழந்தைகளுக்கும்.

அக்கா ஒத்துக்கொண்டதை நான்தான் அவர் வாயில் வைத்தேன்.

சித்திரை 25. காலை 9.00

வண்டி வந்தது. மடங்கிய செடிகள், வேரோடு. பேச்சியக்கா கட்டுக்கட்டாக நறுக்கி, மண்ணை உதறி, பிரித்தே அனுப்பியிருக்கிறார். இந்தக் குடியிருப்பில் குப்பையைச் சரியாகப் பிரிக்கிற ஒரே ஆள்.

“அதையும் எருவாக்கிரு. வீணாப் போவ வேண்டாம்.”

செடிக்குள்ளும் மருந்து இருக்கும். மறுபடி குவியல், மறுபடி பாத்தி. ஓரமாகக் கொட்டினேன்.

காலை 9.40

நல்ல எருவாவது அனுப்பலாம் என்று ஒன்றாம் குவியலுக்குப் போனேன். அதில் பாய் இல்லை. சல்லடையைக் கையில் எடுத்தபிறகுதான் உறைத்தது. மார்கழியிலிருந்து தினமும் கசிவுநீரை எல்லாவற்றின் மேலும் தெளித்திருக்கிறேன். மூன்றின் அடியில் வடிந்தது ஒன்றின் தலையில்.

சுத்தமான எரு இங்கே ஒரு கைப்பிடிகூட இல்லை.

சித்திரை 29. மாலை 4.00

“ஜெனிட்டா, ரெண்டு வண்டி எரு சேத்து அனுப்புட்டி. மண்ணு வலுவில்லாமத்தான் இப்பிடி ஆயிட்டோன்னு தோணுது. தண்ணிய நான் இந்த தடவ சொட்டுச் சொட்டா எண்ணித்தான் விடப்போறேன்.”

சரி என்றேன்.

“என்னட்டி கொரலே வரல? சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன்.

“பொய் சொல்லாதே.”

சாப்பிடாததைத்தான் கண்டுபிடித்தார்.

வைகாசி 1. காலை 11.20

இரண்டு வண்டி அனுப்பினேன்.

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன், குவியல்களிடம். நான்கே வாக்கியம். பாய்களை அரைத்தேன். சோதனையில் தெரிந்தது. மறைத்தேன். விதைக்காதீர்கள். அக்காவின் குரல் கேட்டதும் வாயில் வருவது ‘சரிக்கா’ மட்டும்தான்.

வில்சனின் மேசை. அதை நினைத்துக்கொள்கிறேன். முந்நூறு பேரின் சோற்றுக்கு எதிராக ஒரு மேசை. எடை போட்டால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் மேசைதான் கனக்கிறது.

வைகாசி 3. காலை 10.05

“ஏட்டி, ஊரே பயிர்க்கூடத்துல நிக்கு. பச்சப்பிள்ளைய முதக்கொண்டு தூக்கிட்டு வந்துட்டாவ. நீ ஒருத்திதான் அங்க தனியாக் கெடக்கே. குலவைச் சத்தம் ஒனக்கும் கேக்கட்டும்னு வயர்லெஸ்ஸ இங்க கொண்டாந்து வெச்சிருக்கேன். பொத்தான அமுக்கி ரப்பரப் போட்டுக் கட்டியாச்சு. பேசாதே, கேளு.”

ஒரு முனையில் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை மறுமுனையின் குரல் போகாது. குடியிருப்போடு பேச எனக்கு வேறு வழி இல்லை.

காலை 10.20

குலவை. பெண்கள் எல்லோரும். இந்தக் கூடம் முழுக்க அடிக்கிறது. நடுவே பேச்சியக்காவின் குரல்: “ஒரு விரக்கடை ஆழம் போதும், பொதைக்காதிய.” யாரோ ஒரு குழந்தை, “எனக்கு ரெண்டு விதை.”

என் பொத்தானை அழுத்தினேன். அக்கா, விதைக்காதீங்க. போகிப் பாய்தான் காரணம். நான்தான் அரைச்சேன். பயறு மடங்கினதைப் பார்த்தேன். கேழ்வரகு போட்டு ஏமாத்தினேன். உங்க தண்ணி மேல தப்பே இல்லை. நிறுத்துங்க. தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு சொல் பிசகவில்லை.

அங்கே குலவை நிற்கவில்லை.

காலை 10.50

போகாது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததோ.

காலை 11.40

ரப்பரை அவிழ்த்துவிட்டார்.

“கேட்டியாட்டி?”

“கேட்டேன்க்கா.”

“தணிகைவேல் சாரு நானும் குலவை போடுதேன்னு போட்டு இருமிட்டுக் கெடந்தாவ. அதும் கேட்டுதா?”

“கேட்டுச்சு.”

“எப்பிடி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுக்கா.”

“தண்ணி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். சாருதான் தெறக்கணுமாம், அளவாத் தெறக்க. வெக்கிறேன்.”

வழி திறந்திருந்தது. இரண்டு பக்கமும். நான் சொன்னது மேலே இருப்பதுதான். எழுதும்போது ஒரு வார்த்தைகூட விடவில்லை.

மதியம் 1.15

விதை காய்ந்த விதை. தண்ணீர் படும்வரை எடுத்துவிடலாம். பொறுக்கிக் கழுவி மணல் தட்டில் போட்டால் பாதி விளைச்சலாவது கிடைக்கும். ஒரு விரற்கடை ஆழம். பிள்ளைகளே தோண்டிவிடுவார்கள்.

மாலை ஆறுவரை இருக்கிறது.

மாலை 3.30

கட்டைவிரல் பொத்தானின் மேல். நான்கு வாக்கியம்.

அக்கா கூப்பிட்டார். சும்மாதான். விதைக்கும்போது சின்னப்பிள்ளை ஒன்று விதையை வாயில் போட்டு விழுங்கிவிட்டதாம், அது வயிற்றில் கொடி படரும் என்று எல்லோரும் பயம்காட்ட, அது அழுதே விட்டதாம். சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

மாலை 5.10

அழுத்தினேன். “அக்கா” என்றேன்.

“என்னட்டி?”

“ஒண்ணுமில்லக்கா.”

மாலை 5.48

நீங்கள் இதைப் படிக்கும்போது என் பணிக்காலம் முடிந்திருக்கும். எந்தக் குவியலையும் நம்பாதீர்கள். கசிவுநீரைத் தொடாதீர்கள். பேச்சியக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்களால் அது முடியும். உங்களை அவர் ஏட்டி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்.

மாலை 6.00

தண்ணீர் திறந்திருப்பார்கள். இங்கே கேட்காது.

மாலை 6.25

வண்டி வந்தது. குப்பை இல்லை. ஒரு தூக்குப்பாத்திரம் மட்டும். விதைத்து மிஞ்சிய பயற்றை அவித்து வீட்டுக்கொரு பிடி கொடுத்தார்களாம். மூடியில் ஒட்டிய சீட்டில் பேச்சியக்காவின் எழுத்து: ‘ஜெனிட்டா பங்கு.’

தேங்காய் இல்லாத சுண்டல். இன்னும் சூடாக இருந்தது.

சாப்பிட்டேன்.