கம்பிகள் மேல் உள்ளங்கை

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. உங்கள் ஸ்டீல் கிட்டாரைக் கேட்க ரெக்கார்டிங்காரர் நாலு மணிக்கு வருகிறார். வர வேண்டாம் என்று போன் செய்துவிடாதீர்கள்.

"காது கிழியுது, மூடி வைங்க" என்று நான் சொல்லி மூன்று நாளாகிறது. அன்று கிட்டார் பெட்டியை மூடியவர்தான், இன்னும் திறக்கவில்லை. எனக்குக் கோபமும் இல்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன்.

பதினோரு வருஷமாகச் சமையலறையிலிருந்து கேட்கிறேன். இடது கையால் கம்பிகள் மேல் நகர்த்துகிறீர்களே, அந்த இரும்புக் கட்டையைத் தூக்கும்போதுதான் அந்தக் கீச்சல் வருகிறது. முதலில் வலது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அடக்குங்கள், பிறகு தூக்குங்கள்.

என் வீட்டுச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டேன்.

பி.கு.: ஆறு மணிக்கு வருவேன். உள்ளே வாசிப்பது கேட்டால் மணி அடிக்க மாட்டேன். முடியும்வரை படியிலேயே நிற்பேன்.