கேந்தி வளைக்க இரண்டு பேர் வேண்டும்

என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, கடைசியில் எனக்குத் துணையாகிப்போன செல்விக்கு,

ஓணம் போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. நம் கேந்தி, வெளியூர்க்காரர்கள் செண்டுமல்லி என்பார்களே, அது பூத்ததா இல்லையா என்று தெரியாமல் உனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. பூத்தது. ஆனால் நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தை மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ, திரும்பி நடந்து வரவில்லை. உன் வீட்டுக்காரன் முருகேசன் சவுதியிலிருந்து ஓடிவந்து காரியமெல்லாம் முடித்தான். திரும்பிப் போகிற அன்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "எக்கா, நீ ஒத்தைல கெடந்து கஷ்டப்படாண்டாம். தோட்டத்தைப் பாட்டக் குத்தகைக்கு விட்டிருவோம். மார்த்தாண்டத்துல சித்தி வீட்டுல போய் இரி." சித்தி வீட்டு மாடியறையில் சும்மா உட்கார்ந்து காப்பி குடிக்கவா நான் பிறந்தேன்? ஓணத்துப் பூவை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசு என்றேன். பூ வராவிட்டால் மார்த்தாண்டம் போவது என்று பேச்சு.

வாய் வீரமாகப் பேசிவிட்டதே தவிர, கால் தோட்டத்துக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போகிறேன். அந்தச் சத்தத்துக்காகவே உன்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். இப்படியே நாள் தள்ளிப்போய், ஆனி தொடக்கத்தில் நட வேண்டிய நாற்றை ஆனி முடியும்போதுதான் நட்டேன்.

கேந்திக்கு நம் துக்கம் தெரியுமா? அதற்கு வயது வந்தால் மொட்டு வைத்துவிடும். செடி இளசாக இருக்கும்போதே தலையைக் கிள்ளினால்தான் பக்கக்கிளை வரும், பூவும் கூடும். ஆனால் கிள்ளிய செடி பூக்கத் தாமதமாகும். நானோ ஏற்கெனவே பிந்திவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பகவதி வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "எக்கா, இனி தலையைக் கிள்ளாண்டாம். கிள்ளினேருன்னா ஓணம் கழிஞ்சுதான் பூக்கும்." சரியாகத்தான் சொன்னாள். உன்னோடு மடைத்தண்ணீருக்கு மல்லுக்கு நின்றவள், அவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல் வந்தது.

கிள்ளாமல் விட்டால் வளைத்துக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆடிக் காற்றை நீ மறந்திருக்க மாட்டாய். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து காற்றாலையைச் சுற்றுகிற சுற்றில், நெட்டையாக நிற்கும் கேந்தி ஒன்றுகூடத் தப்பாது. காற்று போகிற பக்கமே தண்டைச் சாய்த்து, முளைக்குச்சியில் வாழைநாரால் இளக்கமாகக் கட்டிவிட்டால், செடி தரையோடு கிடந்து பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை மேலே எழும்பும். பூவும் பிந்தாது.

ஆனால் அது இரண்டு பேர் வேலை அல்லவா? வெயிலில் தண்டு வாடித் துவளும் மத்தியானத்தில், வரிசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நான் தண்டைப் பையப்பைய வளைத்துப் பிடிப்பேன், நீ நாரைச் சுற்றி முடிச்சுப் போடுவாய். ஊர்க்கதை முழுக்க அந்த வரிசையில்தான் பேசித் தீர்த்தோம்.

இந்த வருஷம் தண்டை ஒரு கையால் வளைத்து, முழங்காலால் அணைத்து, நாரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியை மற்றக் கையால் சுற்றிப் பார்த்தேன். கேந்தித் தண்டின் குணம்தான் உனக்குத் தெரியுமே. கொஞ்சம் அவசரப்பட்டாலும் படக்கென்று முறியும். முதல் வரிசையிலேயே பாதிக்கு மேல் முறிந்தது. வாயில் நாரோடு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழுதேனென்றுதான் பகவதி நினைத்திருப்பாள்.

"எக்கா, நான் ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வரப்பைத் தாண்டி வந்து, நீ நிற்கிற இடத்தில் குத்தவைக்கப் போனாள். எனக்கு என்ன வந்ததோ. "வேண்டாம் பிள்ளே, எனக்குப் பழக்கம்தான், நீ உன் சோலியைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் வரப்பைத் தாண்டித் திரும்பிப் போனாள். சாயந்தரம் வரை வரிசை வரிசையாக முறித்துக்கொண்டிருந்தேன்.

தப்பித்த செடிகள் ஓணத்துக்குப் பூத்தன. அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் தோவாளைப் பூச்சந்தைக்கு நம் தோட்டத்துச் சாக்கும் போனது, சின்னச் சாக்காக. முருகேசனிடம் போனில் சொன்னேன். "சரிக்கா, சபரிமலை சீசனுக்கும் போட்டுப் பாரு. ஆனா இப்பிடிப் பாதிச் செடியை முறிச்சிட்டு நிக்காத" என்றான். செடி முறிந்ததை அவனிடம் யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. பகவதியாகத்தான் இருக்கும்.

அடுத்த போகத்துச் செடி இப்போது நிற்கிறது. இந்தத் தடவை நேரத்தோடு தலை கிள்ளிவிட்டேன். பாவம் பார்க்காமல் கிள்ள எனக்கும் கை வந்துவிட்டது. ஆனாலும் ஐப்பசி மழை தலையில் விழுந்தால் கிளை பிளந்துபோகும், சாய்த்துக் கட்டாமல் தீராது. ஒற்றையாளாகக் கட்டினால் இதுவும் முறியும், அதோடு மார்த்தாண்டம்தான். அங்கே போய்விட்டால் நீ நின்ற மண்ணைக்கூட நான் பார்க்க முடியாதே, செல்வி.

அதனால் நாளை மத்தியானம் பகவதியைக் கூப்பிடப் போகிறேன். கோபப்படாதே. அவள் உட்காரப்போவது உன் பக்கம்தான், அங்கே தவிர வேறு இடமில்லை. அவள் ஊர்க்கதை சொன்னால் உம் கொட்டுவேன். முடிச்சு உன்னுடையதைப் போல இருக்காது, எப்படி இருக்கும்? எப்படிப் போட்டாலும் சரி. அவள் வீட்டுக்குப் போன பிறகு, உன் முடிச்சாக மாற்ற வேண்டுமென்று ஒன்றைக்கூட நான் அவிழ்க்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் தவிர வேறு யாரும் மைனி என்று கூப்பிட்டிராத,
உன் மைனி
இசக்கியம்மாள்