எதிர் வீட்டுக்கு வந்தவள்

தருமபுரம், காரைக்கால்
25.11.2024

எழிலுக்கு,

நலம். நீயும் நலம்தான் என்று மூன்று வீட்டிலிருந்து சேதி வந்துவிட்டது. உன் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. புது நம்பரைத் தர ஷரீபுன்னிசா மறுத்துவிட்டாள், விலாசத்தை மட்டும் கொடுத்தாள். அதனால்தான் கடிதம்.

அடைமழையில் சேலத்திலிருந்து வந்து மூன்று நாள் இருந்திருக்கிறாய். உன்னோடு பேங்கில் வேலை பார்த்த ஷரீபுன்னிசா வீட்டில் தங்கல், காரைக்கால்மேட்டில் லோகாம்பாள் கையால் மீன்குழம்பு, உன் சிநேகிதி மதிவதனி வீட்டில் அரட்டை. புருஷன் வீடு மட்டும் ஊரில் இல்லாமல் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, "அண்ணி இளைச்சிட்டாங்க" என்கிறார்கள். நானும் பார்த்தவன் மாதிரியே தலையாட்டி வைத்தேன்.

ஷரீபுன்னிசா ஒரு தட்டுவடைப் பொட்டலம் கொடுத்தாள். "அண்ணி உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்ததுதாண்ணே" என்றாள். மற்ற வீடுகளில் மொறுமொறுவென்று இருந்ததாம். என்னுடையது நனைந்து நமுத்திருந்தது. எங்கே கொண்டுபோய் நனைத்தாய்?

உனக்கு ட்ரான்ஸ்பர் வந்தபோது இரண்டு வருஷம்தானே என்றோம். ஒன்பது ஆகிவிட்டது. என் வேலையை விட்டு நான் வரவில்லை, உன் வேலையை விட்டு நீ திரும்பவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்போம். வரும் மே மாதம் உனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு எங்கே இருப்பாய் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புகழேந்தி

சேலம்
4.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

நம் தெருவில்தான் நனைத்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் வந்தேன். கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் என்று ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார். குடைக்குள் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு நம் வாசலுக்கு எதிரே வந்து நின்றேன். நீங்கள் வெளியே வந்து பார்த்தீர்கள்.

"எதிர் வீட்டுக்காங்க? அவங்க ஊர்ல இல்லைங்க" என்றீர்கள். நான் பேசவில்லை. "நனையாதீங்க, மழை விடுற வரைக்கும் உள்ள வந்து உட்காருங்க" என்றீர்கள்.

எவ்வளவு கனிவு அந்தக் குரலில். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாருக்கோ சொன்ன வார்த்தையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் நான் எப்படி நுழைவது? திரும்பிப் போய்ப் பொட்டலத்தை ஷரீபுன்னிசாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

ஓய்வுக்குப் பிறகு எங்கே என்று கேட்கிறீர்கள். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

எழில்மதி

தருமபுரம்
12.12.2024

எழிலுக்கு,

படித்ததும் எழுந்து போய் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

அந்த அம்மாளை நினைவிருக்கிறது. யாரோ பாவம், நனைந்துகொண்டே திரும்பிப் போனார்கள் என்று மறுநாள் ஷரீபுன்னிசாவின் வீட்டுக்காரர் ஜவஹர் அலியிடம்கூடச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். இப்போதுதான் புரிகிறது.

கண்ணில் புரை. பொங்கல் கழித்து ஆப்பரேஷன். கண்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நீ வருவாய் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்திருந்தாலும், குடைக்குக் கீழே பாதம் தெரிந்தாலே கண்டுபிடித்திருப்பேன். அந்த நினைப்பே எனக்கு விட்டுப் போயிருந்தது.

இப்போது திரும்ப வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வந்துவிடு, எழில்.

புகழேந்தி

சேலம்
2.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

மே முடிந்ததும் காரைக்காலுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் நேரே நம் வீட்டுக்கு இல்லை. மதிவதனி வீட்டு மாடியை வாடகைக்குப் பேசிவிட்டேன். கோபம் இல்லை, பயம்தான். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டுத் தூங்கிப் பழகிவிட்டோம். ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போனால், அதற்குப் பிறகு எனக்குப் போக்கிடம் இல்லை.

ஆப்பரேஷன் தேதியை எழுதுங்கள், லீவு போட்டுக்கொண்டு வந்து கூட இருக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் மாடிக்கு வாருங்கள். புருஷனாக வந்தால் இருவருக்கும் கூச்சமாக இருக்கும், பழைய சிநேகிதியைப் பார்க்க வருகிற மாதிரி வாருங்கள். டீ குடிக்கலாம். இருந்து சாப்பிட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போகலாம்.

போக மனம் வராத நாள் ஒன்று வந்தால், வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு நம் வீட்டுக்கு வர என் பெட்டியைக் கட்டுகிறேன்.

எழில்