குதிகாலுக்குச் செல்வியின் க்ரீம்

ஆவணி 3, செவ்வாய்.

என் மனைவி செல்வி செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலகரத்திலிருந்து எனக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வருகிறார்களாம். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"கால இதுல வைலே. குதிகால் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. இன்ஜினியர் மாப்பிள்ளன்னுல்லா சொல்லிருக்கு."

வைத்தேன். வெடிப்பில், இடைவெளி அளக்கும் ஒரு மில்லிமீட்டர் கேஜ் தகடு தாராளமாக இறங்கும். உப்புத் தண்ணீர் பட்டும் எரியவில்லை.

பிறகு அம்மா செல்வியின் க்ரீம் டப்பாவைத் திறந்தாள். செல்வி கடைசியாக விரலால் வழித்தெடுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

"அதத் தொடாதம்மா."

"கிறுக்கா ஒனக்கு? வீணாத்தானலே போவுது."

அந்தப் பள்ளத்திலேயே விரலை விட்டு வழித்தாள். நான் வெந்நீர்ச் சட்டியை எத்திக் கவிழ்த்தேன்.

"ஞாயித்துக்கெழம அவுங்க வரட்டும். நடுவீட்டுல இந்த வெடிச்ச கால் ரெண்டையும் நீட்டிட்டுத்தான் இருப்பேன்."

அம்மா அழுதுகொண்டே தரையைத் துடைக்கிறாள். நான் எழுந்து போய்த் துணியை வாங்கவில்லை.