நீ விடாத அந்த ‘ஆம்’

அலுமாரியின் மேல்தட்டில் சீனி தேடப்போய் உன்னுடைய பேணி கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் வறுத்த சிக்கரி மணம் மூக்கில் ஏறியது. கோப்பி குடிக்காதவனுக்குக் கோப்பி மாதிரி ஒன்று! சூரிச்சுக்குப் பக்கத்தில், டீட்டிகோனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நீ வரும்போது குடிக்க வைத்த இதை உன்னைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. நீ போய் ஐந்து மாதமாகிறது. என் மனைவி இதை எறியவும் விடமாட்டாள், குடிக்கவும் மாட்டாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போகும்போதும் ஒரு தொல்லையை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

தொல்லை என்றால் சும்மா தொல்லையா? யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நீ எனக்கு வெகு முன்னமே புலமைப்பரிசில் கிடைத்து சூரிச்சுக்கு வந்தாய். பாறைகளைப் படித்துக் கலாநிதி ஆனாய். அதோடு நின்றிருக்கலாம். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையிலும் சேர்ந்தாய். தேத்தண்ணி இல்லை, கோப்பி இல்லை, மாதத்தின் முதல் ஞாயிறு விரதம்.

“கிழமை நாளில மலைக்கு எத்தினை கோடி வயசெண்டு படிப்பிக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கடவுள் படைச்சவர் எண்டு பாடுறாய். எதடா உண்மை?” என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

“ரெண்டும்தான் மச்சான். எப்பிடிப் பொருந்துதெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை” என்பாய்.

விளங்கவில்லை என்பதை இவ்வளவு சந்தோசமாகச் சொன்ன படித்த மனிதனை நான் வேறு கண்டதில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாலும் இதே கதைதான். தமிழ் அகதிகளைத் திட்டி எழுதிய ஒருவருக்கு மறுப்பு எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாய். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் சரி என்று தொடங்கினாய்! நம் சனம் உன்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு முறை என்னை உன் சபைக்குக் கூட்டிப்போனாய். அந்த விரத ஞாயிறில் விரும்பியவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். எழுந்த ஒவ்வொருவரும் ‘இது உண்மை என்று எனக்குத் தெரியும்’ என்றார்கள், நீ காதுக்குள் மொழிபெயர்த்தாய். நீ எழுந்து ‘நான் நம்புகிறேன்’ என்றாய். முன்வரிசையில் இருந்த மூதாட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ரயிலில் வரும்போது நான் பொறுக்காமல் கேட்டேன்.

“எல்லாரும் தெரியும் எண்டினம். நீயும் சொன்னால் வாய் வெந்து போடுமோ?”

“தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லேலாது. நம்பிறதெண்டால் முழுசா நம்புறன்.”

அன்று சிரித்தேன். அந்தக் குணம் என் கழுத்துக்கே கத்தியாக வரும் என்று யார் கண்டது?

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு ஓடிவந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அகதி விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தவன் நீ. எனக்குக் கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. நீயோ, நாம் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், வேண்டுமானால் வேறு ஆளைப் போடுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாய். அன்று வேறு ஆள் இருக்கவில்லை.

தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். அழுதுகொண்டு, “தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுதாம்” என்றேன். அந்த நாளில் நான் பெரியம்மா வீட்டில் ஒளித்திருந்தேன், அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதனால் ‘போட்டுது’வோடு வாயில் தானாக ஒட்டி வந்த ‘ஆம்’ அது. வேறு எவன் என்றாலும் அதை விழுங்கிவிட்டுச் சொல்லியிருப்பான். நீ விழுங்கவில்லை. அதிகாரியின் பேனா நின்றது.

“நீங்கள் கண்ணால கண்டனீங்களோ எண்டு கேக்கிறார்.” என்னைப் பார்த்து ‘நீங்கள்’ வேறு!

“இல்லை. அம்மா சொன்னவ.”

வெளியே வந்ததும் வீதியில் வைத்தே கத்தினேன்.

“ஒரு ‘ஆம்’! அதை விட்டிட்டுச் சொன்னால் உன்ர மலை இடிஞ்சு விழுந்திடுமோ?”

“நீ சொன்னதைத்தான் சொன்னன். கேள்விப்பட்டதைச் சொல்ல ஜெர்மனிலயும் வினைக்குத் தனி வடிவம் இருக்கு. அதைத்தான் போட்டனான்.”

“வினையாம் வினை! எனக்கு வினை நீதான்ரா!”

விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். தம்பி பிடிபட்டதை நான் நேரில் காணவில்லை என்பதும் அவர்கள் எழுதிய காரணங்களில் ஒன்று. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். உன்னோடு பேச்சு இல்லை. ஒரு நாள் நீ மலை ரயில் ஏறி வந்து சமையலறைப் பின்கதவில் நின்றாய். மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன்.

“பிடிச்சதைக் கண்ட ஆள் ஆர்? அவரிட்டக் கடிதம் எடுப்பம்” என்றாய்.

கையில் இருந்த தட்டைப் போட்டு உடைத்தேன். ஆனாலும் அம்மாவுக்கு எழுதினேன். அயல்வீட்டு வாத்தியார் தான் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினார். நீ அதை மொழிபெயர்த்து, மேன்முறையீட்டையும் எழுதித் தந்தாய். ஒரு வருடம் கழித்து இருப்பதற்கு அனுமதி வந்தது.

பிள்ளையார் காப்பாற்றினார் என்று அம்மா எழுதினா. வாத்தியாரின் கடிதம்தான் என்றேன் நான். நீ எதற்கும் பிடிகொடுக்கவில்லை. அந்த வருடம் முழுக்கக் கிழமைக்கு ஒரு நாள் எனக்காக நீ உண்ணாமல் இருந்தாய் என்பதை உன் மனைவிதான் பிறகு சொன்னா.

“அதாலதானோடா கிடைச்சது?” என்று கேட்டேன்.

“தெரியாது மச்சான்.”

ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஓம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஒருவன் நன்றி சொல்வதற்குக்கூட இடம் விடாத மனிதன் நீ. போன மாரியில் நெஞ்சடைத்து, ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்தாய். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இன்னும் அடங்கவில்லை.

போன கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாக அலைந்து அவ களைத்துப் போனா. “தம்பி உயிரோட இருக்கிறான் எண்டு உனக்குத் தெரியுமோ? தெரியுமெண்டு ஒரு வரி எழுது ராசா, நான் நித்திரை கொள்ளுவன்” என்று கேட்டிருந்தா.

ஒரு சொல். பெற்ற தாய்க்கு. கல்நெஞ்சக்காரனும் எழுதிவிடுவான். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன்னைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மாவுக்கு ஒரு பொய் எழுதக்கூட லாயக்கில்லாதவனாக என்னை ஆக்கிவிட்டுப் போய்விட்டாயே! நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் “தெரியாது அம்மா. ஆனால் நம்புறன்” என்று எழுதி, மேலே யோசிக்காமல் உறையில் போட்டு ஒட்டினேன்.

அம்மாவின் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படி எழுதினேன் என்று நினைத்திருந்தேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, தம்பி வந்தால் எந்த அறையில் படுக்கவிடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.