புல்லில் பிறந்து நெல்லுக்கு வரும் பூச்சி

குறிஞ்சிப்பாடி,
மார்கழிக் கடைசி.

அன்பு மகன் இளவரசுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். பனிமலையில் காவல் நிற்கும் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் நடராஜரை வேண்டிக்கொள்கிறேன். அங்கே சிக்னல் கிடைக்காததால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் நம் சம்பா பாதிக்கு மேல் பதராகப் போனது உனக்குத் தெரியும். என்ன பூச்சி என்றே தெரியாமல் மருந்து அடித்தோம், நிற்கவில்லை. இந்த வருஷம் அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். ஐப்பசியில் வாய்க்கால் ஓரப் புல்மேட்டில் ஒல்லியாக, நீண்ட காலோடு, பச்சையும் பழுப்புமாக ஒரு பூச்சி, புல் கதிரில் ஊசி மாதிரி வாயைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிடித்த கை சோப்பு போட்டும் நாறியது. அப்பா, "வெட்டுக்கிளிக் குஞ்சு, வுடு" என்றார். நான் விடவில்லை. நாலைந்தைப் பிடித்து, ஊறுகாய் ஜாடியில் புல்லோடு போட்டுக் கொசுவலைத் துணியால் மூடினேன். இலைமேல் கருஞ்சிவப்பாக வரிசையாய் முட்டை வைத்தன. பொரித்த குஞ்சுகளுக்கு இறக்கையே இல்லை. தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசித் தோலைக் கழற்றியபோதுதான் இறக்கையோடு வந்தன. அப்பாவும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்து பார்த்தார்.

ஜாடியோடு பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அங்கே விவசாயம் படிக்கும் உன் மாமா மகள் பவானி பார்த்ததுமே, "கதிர்நாவாய்ப் பூச்சி அத்தை. புல்லு விதையில பொழச்சிக் கெடக்கும், நெல்லு பால் புடிச்சதும் கூட்டமா வந்து உறிஞ்சிடும்" என்றாள். புல் கதிர் விடும் முன்னே அறுத்துவிட்டால் என்ன என்றேன். அதைத்தான் செய்ய வேண்டும் என்றாள்.

ஆனால் புல்மேடு பக்கத்து வயல் மங்கலத்தினுடையது. "என் மாட்டுப் புல்லுல அருவா வச்சே, பாத்துக்க" என்று சண்டைக்கு வந்தாள். போன வருஷம் அவள் நெல்லும்தான் பதர். "நானே அறுத்து உன் மாட்டுக்குப் போடுறேன், எடம் மட்டும் வுடு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றாள். மழையிலும் போய் அறுத்தேன், இடுப்பு விட்டுப்போனது. ஒருநாள் காய்ச்சலில் எழ முடியாமல் அப்பாவை அனுப்பினால், அங்கே மங்கலம் அறுத்துக்கொண்டிருந்தாளாம். "அவள படுக்கச் சொல்லு மாமா" என்றாளாம்.

நேற்று கதிரைக் கிள்ளி நகத்தால் அழுத்தினேன். அரிசி கெட்டியாக இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பதர். மங்கலமும் தன் வயலில் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் ஏரிக்கரைப் புல்லையும் சேத்து அறுத்துடணும்டி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

சாக்ஸை ஈரத்தோடு போடாதே. தில்லைக் கூத்தன் உன்னோடு நிற்கட்டும், நல்லா இரு சாமி.

உன் அம்மா,
புஷ்பவள்ளி